கிடை போட்ட வயலின் மண்

சம்பா அறுத்து, ஊடுபயிராகத் தெளித்த உளுந்தும் பயறும் பிடுங்கி எடுத்த பிறகு காவிரிப் படுகை வயல்கள் வெறுமனே கிடக்கும். களிமண் வெயிலில் இறுகி, கை நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறிக் கூட்டங்கள் வந்து சேரும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்று ஊர் ஊராகக் கிடை போட்டுக்கொண்டே மேய்ப்பர்கள் திருவாரூர், நாகை வரைக்கும் போவார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை வயல்களில் ஆட்டுக்கு இடமில்லை. மேட்டுப்பாங்கான ஊர்களுக்கு ஒதுங்கி, ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் சொந்த மாவட்டம் திரும்பிவிடுவார்கள். மழைக்காலப் படுகையில் ஆடு நின்றால் குளம்பு அழுகும், ஈரலில் புழு விழும், கொசுவைவிடச் சிறிய ஈ கடித்து நீலநாக்கு நோய் வரும். வலசையின் காலக்கணக்கு இப்படித் தண்ணீரையும் நோயையும் பயிரையும் ஒருசேரப் பார்த்துப் போட்டது.

இந்த வலசையை ஆராய்வதுதான் என் வேலை. படித்தது சூழலியல். மண்ணில் நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதில் தொடங்கினேன். இன்று என் பையில் மண் துளைக்கும் கருவியும் இருக்கும், மந்தையை நடத்தும் கீதாரிகளோடு பேசி எழுதிய நோட்டுப் புத்தகமும் இருக்கும். மனிதர்களின் இடப்பெயர்வைப் படிப்பவர்கள் ஒரு கட்டடத்திலும் மண்ணையும் விதையையும் படிப்பவர்கள் இன்னொரு கட்டடத்திலும் உட்கார்ந்திருக்கும் கல்வி உலகில், இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கும் தொழில் இது.

ஏன் நடக்க வேண்டும் என்பதைக் கிடையிலிருந்தே சொல்கிறேன்.

பகல் முழுக்க ஆடுகள் சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும் கண்மாய் உள்வாயிலும் அறுவடைத் தரிசிலும் மேய்கின்றன. பொழுது சாய்ந்ததும் ஒரு குறிப்பிட்ட வயலுக்குள் ஓட்டி, முளைக்குச்சி அடித்து, நைலான் வலை கட்டி அடைக்கிறார்கள். மேய்ந்தது பொது நிலத்தில். கழிவது ஒருவருடைய பட்டா நிலத்தில். புழுக்கையிலும் மூத்திரத்திலும் போகிற நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் ஆட்டின் வயிறு வழியாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இடம் மாறுகின்றன. கீதாரி வாங்கும் கிடைக்கூலி இந்தப் பெயர்ச்சிக்கான விலை. மண்ணியலின் பாஷையில் இது சத்துப் பெயர்ச்சி, சமூகவியலின் பாஷையில் உழைப்புப் பரிமாற்றம். கிடையில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே காரியம்.

இரவில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஆடுகளை ஒரே இடத்தில் விடியும்வரை படுக்க விடமாட்டார்கள். நடுச்சாமத்தில் ஒருவர் கம்பளியை உதறிக்கொண்டு எழுந்து, நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுப்பார். மந்தை முழுவதும் எழுந்து நிற்கும். எழுந்த வேகத்தில் அநேகமாக எல்லா ஆடும் மூத்திரம் பெய்யும். கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, வலைக்குள்ளேயே மறுபக்கம் நகர்த்திப் படுக்க வைப்பார்கள். மறுநாள் வலையையே பெயர்த்து, பக்கத்துத் துண்டில் கட்டுவார்கள். வயலில் எரு ஒரே சீராக விழ வேண்டும் என்பதற்காகத் தூக்கத்தை விற்கிற வேலை இது. கிடை நடுவில் நின்றால் மூக்கை அறுக்கும் ஒரு நெடி வரும். மூத்திரத்திலுள்ள யூரியாவை மண்ணின் நொதி உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அந்த அம்மோனியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. முதல் சில நாட்களில்தான் இழப்பு மிக அதிகம். கிடை முடிந்த கையோடு ஒரு சால் உழவு ஓட்டச் சொல்லி கீதாரிகள் நிலக்காரரை நச்சரிப்பது இதனால்தான். அம்மோனியா என்ற பெயர் அவர்களுக்கு வேண்டியதில்லை. வாசனை போனால் சத்தும் போச்சு என்பது அவர்களுடைய கணக்கு, அது சரியான கணக்கு.

விடிந்ததும் என் வேலை தொடங்கும். முந்தின இரவு வலை கட்டியிருந்த பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆழத்தில் மண் எடுப்பேன். களிமண் வயலில் இது எளிதல்ல. புழுக்கை உருண்டு வெடிப்புக்குள் விழுந்திருக்கும். வெடிப்பின் வாயில் எடுத்தால் ஓர் எண், ஒரு சாண் தள்ளிக் கட்டியில் எடுத்தால் வேறோர் எண். எடுத்த மண்ணை உடனே பனிப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பையில் கட்டிய பிறகும் நுண்ணுயிர்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை. வெயிலில் அரை நாள் கிடந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, நாம் அளப்பது வயலை அல்ல, பையை என்றாகிவிடும். ஆய்வகத்தில் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி வடித்து அளக்கிறோம். அதற்குப் பிறகு நிறை நிறமாலைமானிக்கு ஒரு சிட்டிகை மண் போகிறது.

அந்த ஒரு சிட்டிகையில்தான் நீண்ட கதை இருக்கிறது. நைட்ரஜனில் எடை குறைந்த நைட்ரஜன்-14, சற்றே கனத்த நைட்ரஜன்-15 என்று இரண்டு நிலையான வகைகள், அதாவது ஐசோடோப்புகள், உண்டு. அம்மோனியாவாகக் காற்றில் ஏறும்போது இலேசானது முந்திக்கொள்கிறது, கனத்தது மண்ணில் தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் கிடை போட்ட மண்ணில் நைட்ரஜன்-15-இன் பங்கு உயர்ந்துகொண்டே போகும். பாஸ்பரஸோ காற்றில் ஏறாது, அவ்வளவாகக் கரைந்தும் ஓடாது. ஆகவே மந்தை கிளம்பிப்போன பிறகும் மந்தை நின்ற இடத்தை மண் நினைவில் வைத்திருக்கிறது. நெல் வயலில் தண்ணீர் நின்று நைட்ரேட் வாயுவாகிப் போகும்போதும் இதே மாதிரி உயர்வு வரும் என்பதால், கிடை போடாத பக்கத்து வயலையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஒப்பிட வயல் இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

இந்த அடையாளம் எவ்வளவு காலம் நிற்கும்? கென்யாவின் நாரோக் பகுதியில் 1550 முதல் 3700 ஆண்டுகள் பழமையான மேய்ப்பர் பட்டிகளின் மண்ணை ஃபியோனா மார்ஷலும் சகாக்களும் ஆராய்ந்து 2018-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சாணம் குவிந்த இடங்களில் பாஸ்பரஸும் கால்சியமும் மெக்னீசியமும் நைட்ரஜன்-15-உம் இன்றைக்கும் சுற்றுப்புற மண்ணைவிட மிகுந்திருந்தன. சவானாவில் மரமில்லாமல் செழித்த புல்வெளித் திட்டுகளாக, காட்டு விலங்குகளும் தேடி வந்து மேயும் இடங்களாக அவை மாறியிருக்கின்றன. யாரும் கை வைக்காத இயற்கை என்று நாம் படம் பிடிக்கிற ஒரு நிலப்பரப்பில், நாடோடி மேய்ப்பர்கள் இராத்தங்கிய இடங்கள் புள்ளி புள்ளியாகக் கிடக்கின்றன.

நம் பக்கத்திலேயே இதற்கு மூத்த சான்று உண்டு. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பகுதிகளில் சாம்பல் மேடுகள் என்று சொல்லப்படும் புதிய கற்காலத்துக் குவியல்கள் இருக்கின்றன. எரிமலைச் சாம்பலா, உலோகம் உருக்கிய கசடா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொன்னார். 1957-இல் தொல்லியலாளர் ஆல்சின் உட்நூரில் அகழ்ந்தபோது சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மாட்டுக் குளம்புத் தடங்கள் பதிந்திருந்ததைக் கண்டார். பட்டி போட்டு, மாடு அடைத்து, சாணம் சேர்ந்ததும் எரித்து, மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். தொல்லியலாளர் தனியாக, வேதியியலாளர் தனியாக நின்றிருந்தால் அந்த மேடுகள் இன்றும் எரிமலைச் சாம்பலாகவே இருந்திருக்கும்.

இனி நான் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நடக்கக் காரணமான வயல்களைப் பற்றி. திருவாரூர்ப் பக்கம் ஒரே வாய்க்கால் பாசனத்தில், ஒரே வண்டலில், அடுத்தடுத்து இரண்டு நிலக்காரர்களின் பங்கு நிலம். இருவரும் ஒரே நெல் போடுகிறார்கள், கடையுரமும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு வயலில் பாஸ்பரஸும் நைட்ரஜன்-15-உம் தெளிவாக உயர்ந்திருந்தன. வரப்புக்கு அந்தப்பக்கம் அப்படி எதுவும் இல்லை. மேடு பள்ளம், பழைய களத்து மேடு, வாய்க்கால் உடைப்பு என்று மண்ணியலுக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தோம். எதுவும் பொருந்தவில்லை.

அங்கே கிடை போட்டிருந்த கீதாரி ஐயாவிடம் இந்த அளவுகளின் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை, வரப்பைத்தான் பார்த்தார்.

“தம்பி, இது எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்க கிடை. இந்த வீட்டு ஆச்சி, பொம்பளையாளுக தண்ணிக்குப் போனா குடத்தை வாங்கித் தானே ஊத்தும். கூலியும் கிடை பெயர்க்கிற அன்னைக்கே கைக்கு வந்துரும்.”

“அந்தப்பக்கத்து வயல், ஐயா?”

“அவுக வேணாம்னு சொல்லலை. நாங்கதான் போறதில்லை. எங்க அப்பாருக்கும் அவுகளுக்கும் ஒரு பேச்சு வந்துருச்சு. குட்டி ஒண்ணு காணாமப் போன விசயம். அதுக்கப்பறம் எங்க வகையறா ஆடு எதுவும் அந்த வரப்பத் தாண்டுனதில்லை.”

ஒரு தலைமுறைக்கு முந்தைய வாய்ச்சண்டை ஒரு வயலின் பாஸ்பரஸ் அளவில் உட்கார்ந்திருந்தது. ஒரு ஆச்சி குடத்தில் ஊற்றிய தண்ணீர் பக்கத்து வயலின் ஐசோடோப்பில் இருந்தது. மண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை மாதிரி எடுத்தாலும் இது கிடைத்திருக்காது. நேர்காணலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், பழைய மனத்தாங்கல் என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்த மனத்தாங்கலுக்கு வயலில் எவ்வளவு எடை என்பது தெரிந்திருக்காது. நன்மதிப்பும் உறவும் கோபமும் மண்ணின் வேதியியலைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த மாதிரி வரப்புகளில் நின்றுதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. பேச்சு சொல்வதை விதை திருத்தும். சீமைக்கருவேலத்தைப் பரப்புவது ஆட்டுக்காரர்கள்தான் என்று படுகை விவசாயிகள் பலர் குறை சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விறகுக்காகவும் வறட்சி தாங்கும் என்பதாலும் கொண்டுவந்து விதைத்த மரம் அது. நெற்று இனிப்பாக இருக்கும், ஆடு மாடு எல்லாம் விரும்பித் தின்னும். நாங்கள் கிடையிலிருந்து புழுக்கை அள்ளி, வேகவைத்து விதை நீக்கிய மண் நிரப்பிய தட்டுகளில் பரப்பி, தண்ணீர் தெளித்து, முளைப்பதையெல்லாம் எண்ணினோம். கோரையும் புல்லும் கீரைச் செடிகளும்தான் கூட்டம் கூட்டமாக வந்தன. கருவேல வகைகள் அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றும். ஆடு மெல்லும்போதும் அசைபோடும்போதும் இந்தக் கெட்டி விதைகளில் கணிசமானதை உடைத்துவிடுகிறது, மாட்டின் வயிற்றிலிருந்துதான் அதிகம் தப்பி வருகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. ஆட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பழி அளவுக்கு மீறியது என்று சொல்வேன். அந்தத் தட்டுகளைப் பார்க்கக் கிடையிலிருந்து நான்கைந்து பேர் ஆய்வகத்துக்கே வந்தார்கள். ஒவ்வொரு முளையையும் குனிந்து பார்த்து, இது கமுதிப் பக்கத்துப் பூண்டு, இது இந்தப்பக்கம் கிடையாது என்று ஒரு பெண்மணி சொன்னதை வைத்து அடையாளப் பட்டியலில் சில இனங்களைத் திரும்பச் சரிபார்த்தோம்.

விதையைப் பற்றிப் படிக்கும்போது ஐரோப்பிய ஆய்வுகளை அப்படியே இங்கே தூக்கி வைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் சுவாபியன் மலைப்பகுதியில் ஒரே ஓர் ஆட்டின் கம்பளியை மேய்ச்சல் பருவத்தில் திரும்பத் திரும்பச் சீவி, 85 தாவர இனங்களின் 8500-க்கும் மேற்பட்ட விதைகளையும் கனிகளையும் எடுத்ததாக ஃபிஷரும் சகாக்களும் 1996-இல் எழுதினார்கள். ஸ்பெயினில் மன்சானோவும் மாலோவும் வண்ணம் பூசிய விதைகளை ஆட்டு மயிரில் ஒட்டவைத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்த பிறகும் ஒரு பங்கு ஒட்டியே இருந்ததை 2006-இல் காட்டினார்கள். அவை அடர்ந்த கம்பளி உள்ள ஆடுகள். நம் கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். இங்கே விதை பயணிப்பது பெரும்பாலும் வயிற்றிலும், ஈரத்தில் குளம்பிடுக்கில் ஒட்டும் சேற்றிலும். கண்மாய்க் கரையில் நீர் குடிக்க நின்ற ஆட்டின் குளம்பைச் சுரண்டி எடுத்த சேற்றிலிருந்து நான் முளைக்க வைத்தவை, புழுக்கையிலிருந்து வந்தவற்றோடு பாதிகூட ஒத்துப்போகவில்லை.

ஆட்டின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டத் தொடங்கியபோது வேறொரு கேள்வி எழுந்தது. நகர்கிறவர் யார்? 2008-ஆம் ஆண்டை என் துறையில் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்த ஆண்டு கொன்சாலெஸ், ஹிதால்கோ, பரபாசி மூவரும் ஒரு லட்சம் பேரின் கைப்பேசிப் பதிவுகளை ஆறு மாத காலத்துக்குப் பார்த்து, மனிதர்கள் எவ்வளவு அலைந்தாலும் ஒரு சில இடங்களுக்கே மீண்டும் மீண்டும் திரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். அதே ஆண்டு ரான் நாதனும் சகாக்களும் விலங்குகளின் நகர்வைப் படிக்க ஒரு சட்டகம் வகுத்தார்கள்: உள்நிலை, நகரும் திறன், வழியறியும் திறன், புறக்காரணிகள். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான் சமூகவியலில் மிமி ஷெல்லரும் ஜான் அர்ரியும் இடம் நகர்தலையே மையமாக வைத்துச் சமூகத்தைப் படிக்க வேண்டும் என்று வாதிட்டிருந்தார்கள். மூன்றும் தனித்தனித் தெருவில் நடந்தன. ஆனால் மந்தையின் தடத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு மூன்றும் வேண்டும். ஆட்டின் பசி ஒரு பக்கம் இழுக்கிறது, நாய் ஒரு பக்கம் மடக்குகிறது, கீதாரி கடன்காரர் ஊரைச் சுற்றிப் போகிறார். திரையில் தெரிவது ஒரே ஒரு கோடு. பசியும் நாயும் கடனும் அதில் கலந்துதான் கிடக்கின்றன.

பிரித்தறிய நாங்கள் செய்வது இது. அன்றைய தடத்தை அன்று இரவே, சோறு வடித்து இறக்கிய பிறகு, கைப்பேசித் திரையில் போட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். இங்கே ஏன் திரும்பினீர்கள், இங்கே ஏன் இத்தனை நேரம் நின்றீர்கள் என்று ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் எழுதிக்கொள்வோம். “அது உளுந்து நிக்கிற வயலு.” “அங்க பஸ் வேகமா வரும்.” “அந்த மரத்தடியில ஒரு ஆடு குட்டி போட்டுச்சு.” மறுவாரம் கேட்டால் இந்தக் காரணங்கள் மங்கிவிடும். நாதன் சொன்ன நான்கு பெட்டிகளில் எதில் எது விழுகிறது என்று பிரிக்கும்போது, புறக்காரணிகள் என்ற பெட்டிக்குள் மழை, புல், வெப்பம் மட்டும் போட்டால் எங்கள் தடங்களில் பெரும்பகுதிக்கு விளக்கமே கிடைப்பதில்லை. நிலக்காரர் பேர், கூலி பாக்கி, கொண்டான் கொடுத்தான் உறவு, கோயில் கொடை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வரவேண்டும்.

இந்தியாவில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சூழலியலாளர் மாதவ் காட்கிலும் மானுடவியலாளர் கைலாஷ் மல்ஹோத்ராவும் மகாராஷ்டிரத்தின் கவ்ளி தங்கர் மேய்ப்பர்களைச் சேர்ந்தே ஆராய்ந்து 1982-இல் எழுதிய கட்டுரை எனக்கு இன்றும் பாடப்புத்தகம். ஒருவர் மற்றவருக்கு உதவியாளராக இல்லாமல் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சேர்ந்து ஆராய்கிறோம் என்று இப்போது வரும் திட்டங்கள் பலவற்றில் அந்தச் சமன் கிடையாது. விஞ்ஞானிகள் அளந்து முடித்த பிறகு “மக்கள் கருத்து” கேட்டு வர ஒரு மாணவியை அனுப்புகிறார்கள். ஒருமுறை நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தை ஒரு நிதிக்குழு, இது சமூக அறிவியல் என்று சொல்லித் திருப்பியது. அதே விண்ணப்பத்தை வேறொரு குழு, ஆய்வகச் செலவு அதிகமாக இருப்பதால் இது இயற்கை அறிவியல் என்று திருப்பியது. நெறிமுறைக் குழுவும் இரண்டு. ஆட்டின் கழுத்தில் பட்டை கட்ட ஒன்று, ஆட்டுக்காரரிடம் பேச இன்னொன்று. பட்டை கட்டிய ஆட்டின் தடம் ஆட்டுக்காரரின் அந்தரங்கத்தையும் காட்டிவிடும் என்பதை இரண்டில் எதுவும் கேட்கவில்லை. அதை நாங்களாகவே எழுதிச் சேர்த்தோம்.

அது சின்ன விஷயம் இல்லை. மந்தை இரவு எங்கே தங்குகிறது என்பது ஆடு திருடுகிறவனுக்கு வேண்டிய தகவல். வறண்ட கோடையில் எந்தக் கண்மாயில் கடைசிவரை ஊறல் இருக்கும் என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு ரகசியம். விலங்கு நகர்வுத் தரவுகளைச் சேமித்துப் பகிர ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும் மூவ்பேங்க் போன்ற களஞ்சியங்கள் இருக்கின்றன. ஆய்விதழ்களும் தரவைத் திறந்து வைக்கச் சொல்கின்றன. அறிவியலுக்கு அது நல்லது, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் பட்டை கட்டிய பன்னா புலி ஒன்றின் இருப்பிடத் தரவை 2013-இல் யாரோ திருட முயன்ற செய்தி வெளிவந்தபோதே காட்டுயிர் ஆய்வாளர்கள் விழித்துக்கொண்டார்கள். மனிதர்களோடு நடக்கும் விலங்குக்கு அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். இராத்தங்கும் இடங்களைப் பல கிலோமீட்டர் கட்டங்களாக மழுக்கி, தேதியைப் பருவமாக்கி, நீர்நிலைகளின் பெயரை நீக்கித்தான் வெளியிடுகிறோம். முழுப் பதிவு கீதாரிகளின் கையில் இருக்கிறது. எதை யாருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்கிறவர்களும் அவர்களே.

“ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்” என்று படுகையில் சொல்வார்கள். புழுக்கை சீக்கிரம் மக்கி, அடுத்துப் போடும் பயிருக்கே சத்துக் கொடுக்கும் என்பதில் மண்ணியலுக்கு மறுப்பில்லை. ஆனால் பலன் அந்த ஒரு வருடத்தோடு நின்றுவிடுவதில்லை. நைஜரில் மார்க் பவலும் சகாக்களும் 1990-களில் நடத்திய கம்புப் பயிர்ச் சோதனைகளில், எருவை மட்டும் அள்ளிப் போட்ட நிலத்தைவிட ஆடு மாட்டை அடைத்து மூத்திரமும் விழுந்த நிலத்தில் விளைச்சல் கூடுதலாக இருந்தது, பலனும் இரண்டு மூன்று பருவங்களுக்குத் தொடர்ந்தது. லாரியில் வாங்கி வந்து கொட்டும் ஆட்டெரு கிடைக்கு ஈடாகாது என்பதற்கு இதுவே காரணம். மூத்திரம் லாரியில் வருவதில்லை. கிடைக்கூலி பேசும்போது இதை நிலக்காரர்களிடம் எடுத்துச் சொல்லும்படி கீதாரிகள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் எண்களைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம். கூலி பேசும் இடத்தில் அந்தத் தாள் சட்டைப்பையிலிருந்து வெளியே வருவதை நானே பார்த்திருக்கிறேன். வெளியான கட்டுரைகளைவிட எனக்கு அது பெரிது.

ஆனால் நடக்க வழி குறைந்துகொண்டே வருகிறது. நான்கு வழிச்சாலையில் மந்தையைக் குறுக்கே ஓட்ட முடியாது. மனைப்பிரிவுகளுக்குக் கல் நட்டு வேலி கட்டிவிட்டார்கள். மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும் இடத்தில் கட்டடம் இருக்கிறது. ஸ்பெயினில் இதற்கு ஒரு சட்டமே உண்டு. மெஸ்தா என்ற மேய்ப்பர் அமைப்புக்கு 1273-இல் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ உரிமை வழங்கினார். ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வலைப்பின்னலாகக் கிடக்கும் மந்தைப் பாதைகளை யாரும் விற்கவோ ஆக்கிரமிக்கவோ முடியாத பொதுச் சொத்து என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. பெரிய பாதைகள் 75 மீட்டர் அகலம் வரை இருக்கலாம். 

இங்கே அப்படி ஒரு சட்டம் கேட்க முதலில் எண்ணிக்கை வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிறந்த இடத்தையும் கடைசியாகக் குடியிருந்த இடத்தையும் கேட்கிறது. வருடாவருடம் போய்த் திரும்புகிறவர் அந்தக் கேள்வியில் அகப்படமாட்டார். 2024-இல் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் மேய்ச்சல் சமூகங்களின் கால்நடைகளைத் தனியாகப் பதிவு செய்ய முதன்முறையாக இடம் வைத்தார்கள். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதால் இப்போது அலுவலகங்களில் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.

இந்தக் கோடையில் நாங்கள் செய்துகொண்டிருப்பது ஒரு வழித்தட வரைபடம். இதில் இராத்தங்கும் இடம் எதுவும் இருக்காது. அறந்தாங்கியிலிருந்து திருவாரூர் வரை மந்தை சாலையைக் கடக்கும் இடங்கள், தண்ணீர் காட்டும் பொதுக் குளங்கள், ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வசதியான திடல்கள், அடைபட்டுப்போன புறம்போக்குகள் ஆகியவை மட்டும் இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் கீதாரிகள் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் ஏற்றுகிறோம். கடக்கும் இடங்களில் வேகத்தடை கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு படி, அடைபட்ட புறம்போக்குகளின் புல எண்களோடு வட்டாட்சியர்களுக்கு ஒரு படி, மந்தை எந்த வாரம் எந்த ஒன்றியத்தைக் கடக்கும் என்ற குறிப்போடு கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு படி. புல எண்களைச் சரிபார்க்கும் வேலை பாதியில் நிற்கிறது. பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள கிராமங்களுக்கு அடுத்த வாரம் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டுப் படிகளோடு போகிறோம். கீதாரி ஐயாவின் மகளும் வருகிறார். பழைய பாதை எந்தப் புல எண்ணில் போனது என்பது எங்களில் அவருக்குத்தான் தெரியும்.